கட்டமில்லாத தவணை

சுற்றறிக்கை சேலத்திலிருந்து மேலேறி வர
ஒன்பது நாளாயிற்று.
வேப்பிலை அதற்கு முன்பே வந்துவிட்டது.

எங்கள் உயரத்தில் வேம்பு நிற்காது,
குளிர் அதற்கு ஆகாது.
அம்மை கண்ட வீட்டு நிலைக்குச் செருகும் கொத்து
அடிவாரத்திலிருந்துதான் வரவேண்டும்,
நனைத்த சாக்கில் சுற்றி,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடந்து,
இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி.

"சிஸ்டர், இந்த வாரம் நாலு கட்டு" என்றார்
கண்டக்டர் மாதப்பன், சில்லறை எண்ணிக்கொண்டே.
டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்: நாலு.
அடுத்த வாரம்: பதினொன்று.
நோய் பரவுவதாக நான் எழுதிய
முதல் அறிக்கை அதுதான்.

அதற்குள் தேவிகாவின் பிள்ளைக்கு
காதோரம் தொடங்கி மார்புக்கு இறங்கியிருந்தது மணல்வாரி.
எட்டு மாதம், நாலு நாள்.
முந்தின புதன்கிழமைதான்
வாசல்வரை தூக்கி வந்திருந்தாள்.
"ஒன்பது முடியட்டும்மா" என்று
திருப்பி அனுப்பியவள் நான்.
அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது.
என் மேல் தப்பில்லை என்று
டாக்டர் சொன்னார், ஆபீசில் சொன்னார்கள்,
சேலத்துப் பெரியாஸ்பத்திரியிலிருந்து
வெறுங்கையோடு திரும்பிய தேவிகாவே சொன்னாள்.
மூன்று பேர் சொல்லவேண்டியிருந்தது.

இப்போது தாள் சொல்கிறது:
ஆறு மாதத்திலேயே போடு.
கூடவே சின்ன எழுத்தில்:
இந்தத் தவணை கணக்கில் சேராது,
ஒன்பதிலும் போடு, பதினாறிலும் போடு.
இதன் எண் பூஜ்ஜியம்.

பூஜ்ஜியத்துக்கு அட்டையில் கட்டமில்லை.
டேப்லெட்டில் வயதைத் தட்டினால்
சிவப்பு எழுத்தில் திட்டுகிறது.
ஸ்கேல் கிடைக்காமல், எக்ஸ்ரே கவரின் ஓரம் பிடித்து
நானே கட்டம் வரைந்தேன்,
முப்பத்தெட்டு அட்டையில்.
முப்பத்தெட்டும் கொஞ்சம் கோணல்.

புதன். நாகலூருக்கு மேலே ஒரு காப்பிக் களம்.
சில்வர் ஓக் அடியில் நீலப் பெட்டி.
பொடியில் நீர் விட்டுக் கலக்கிய நேரத்தைக்
குப்பியின் மேல் எழுதினேன்: பத்து நாற்பது.
நாலு மணி நேரம், அதற்குமேல் கொட்டிவிட வேண்டும்.
ஐந்து பேருக்கான குப்பி.
நாலு பேர் வந்தார்கள்.

வெண்ணிலா வரவில்லை.
அம்மா வந்திருக்கிற ஊரில்
ஊசி குத்தக் கூடாதாம், சொல்லியனுப்பினாள்.
மறுத்துப் பேசவில்லை.
சாமியோடு வழக்காடினால்
அடுத்த புதனும் போய்விடும்,
பதினேழு வருஷத்தில் அது தெரியும்.
"வந்தவளைப் போகச் சொல்லல,
வராத வீட்டுக் கதவைச் சாத்தி வைக்கிறேன்னு சொல்லு."

இரண்டு இருபதுக்குப் பனி களத்துக்குள் இறங்கியது.
அதிலிருந்து முதலில் ஒரு சிவப்புக் குல்லா,
பிறகு வெண்ணிலா,
பிறகு அவள் கேள்வி:
"கணக்குல சேராத ஊசி எதுக்கு?"

வயிற்றில் வைத்து நீ கொடுத்த காப்பு
தேய்ந்துகொண்டு வருகிறது,
மிச்சமிருப்பது மருந்தையும் அந்நியன் என்று துரத்தும்,
அதனால்தான் ஒன்பதுவரை பொறுத்தோம்,
இந்த வருஷம் பொறுக்க முடியாது...
பாதிதான் வாயில் வந்தது.
"மழை புடிச்சுக்கிச்சு.
இப்ப ஒழுகுற எடத்துல தார்ப்பாய் போடுவோம்.
ஓடு அப்புறம் மாத்தலாம்."
குழந்தையின் வலக்கைச் சட்டையை
அவளே சுருட்டிவிட்டாள்.

அழுகை. அரை மணி காத்திருப்பு.
கோணல் கட்டத்தில் தேதி.

கீழிறங்கும் பஸ்ஸில் டேப்லெட் அதிர்ந்தது:
அடுத்த புதன், ஒன்பது மாதம் நிறைகிறவர்கள்.
மூன்றாவது பெயர் இனியன், தாய் தேவிகா.
நீக்கக் காரணம் கேட்டது.
இடம்பெயர்ந்தார். மறுத்தார். இறந்தார். மற்றவை.
பதினான்காம் வளைவுவரை விரலை அசைக்கவில்லை.

மற்றவை.

சிறு பெட்டி திறந்து, விவரம் எழுது என்றது.
எழுதினேன்:
ஒன்பது முடியட்டும் என்று சொல்லியிருந்தோம்.